நாவலர் பெருமானின் அச்சுக்கூடம்

தீவகத்திற் பிறந்த நம்மவர்க்கு வணிகம் புதிதன்று. வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலுமிருந்து கடல் கடந்தோர் தென்னிலங்கைப் பட்டினங்களிற் சிறு கடை வைத்தனர். கடை தந்த வருவாயிற் கோயிலும் பள்ளியும் ஊரிலே எழுந்தன. அத்தகையோர் மரபில் வந்த நாம் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரைச் சைவங் காத்த பெரியாராகவும் உரைநடை வகுத்த அறிஞராகவும் போற்றுகின்றோம். அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓர் அச்சுக்கூடத்தின் உரிமையாளராயும் இருந்தார் என்பதை மாத்திரம் மறந்துவிடுகின்றோம்.

நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி பிறந்த அவர், சரவணமுத்துப் புலவரிடத்தும் இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். ஆங்கிலங் கற்கப் புகுந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆசிரியராகி, அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றார். சைவராகவே இருந்து அவ்விடத்திற் பணிபுரிந்த அவ்வாண்டுகள் வீண்போகவில்லை. பாதிரிமாரின் வெற்றிக்குப் பிரசங்கம் மாத்திரங் காரணமன்று, பிள்ளையின் கையிற் கொடுக்கும் அச்சிட்ட புத்தகமும் காரணம் என்பதை அவர் அங்கேதான் நேரிற் கண்டார் என்பது எமது துணிபு. மானிப்பாயில் அமெரிக்க மிஷனாரின் அச்சுக்கூடம் அக்காலத்தில் ஓயாது இயங்கியது. 1841இலே தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் அவர்களுடையதே.

1848இல் மிஷன் பணியைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. ஆயினும் படிப்பிக்கப் புத்தகம் இல்லை. ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதினால் ஒரு பிரதியே கிடைக்கும். எழுதுவோன் விட்ட பிழையும் அதனோடு சேர்ந்து வரும். நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது ஏடு எழுதுவார் யார்? ஆதலால் 1849இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகஞ் சென்றார். அப்பிரயாணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. பட்டத்தை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். அவர் புறப்பட்டதோ அச்சியந்திரம் வாங்குதற்கு! சென்னையிலே சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் உரையுடன் அச்சிற் பதிப்பித்துவிட்டே, வாங்கிய யந்திரத்துடன் ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை இவ்வாறு தோன்றிற்று.

அச்சுத்தொழிலின் இடர் வேலை பார்த்தோர்க்கே தெரியும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அச்செழுத்து வகை மிகுதி. ஈயவெழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். பிழை பார்த்துத் திருத்தி மீண்டுங் கோக்க வேண்டும். காகிதத்தில் இட்ட முதல் புத்தகம் விலைபோகும்வரை திரும்பாது. இத்தகைய சிறு தொழிலிலே பிறரைப் பார்த்து அதே சரக்கை விற்றிருந்தால் நாவலரின் யந்திரசாலை விரைவில் மூடப்பட்டிருக்கும். அவர் சரக்கையே மாற்றினார்.

முதலாவது, பிள்ளைகளுக்குப் படிமுறையாக அமைந்த பாலபாடங்கள். எளிய சொல்லில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமான வசனத்துக்கு ஏற்றிச் செல்லும் இம்முறையை மிஷன் புத்தகங்களிற் பார்த்தறிந்து, அதனுட் சைவத்தை வைத்தார். எதிரியின் கருவியைக் கைக்கொள்ள அவர் நாணவில்லை. அடுத்தது பக்கத்தின் அமைப்பு. ஏட்டிலே சொல் எங்கே முடிகிறது, வசனம் எங்கே நிற்கிறது என்று கற்றவனே தடுமாறுவான். நாவலர் சந்தியைப் பிரித்தும் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டும் அச்சிட்டார். இன்று நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆசிரியர் அருகில் இல்லாமலும் ஒருவன் படிக்கலாம் என்ற நிலை இதனாலேயே உண்டாயிற்று.

4,000க்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கி வெளியிட்டதும் அவ்வகையே. புலவர் வீட்டில் மாத்திரம் இருந்த நூல் கடைக்காரரின் வீட்டுக்கும் வந்தது. நன்னூல் விருத்தியுரை, திருக்குறள் பரிமேலழகருரை முதலியவற்றையோ பல ஏடுகளை ஒப்புநோக்கித் தாமே பிழை திருத்தி வெளியிட்டார். நாவலர் பதிப்பு என்றாற் பிழையில்லை என்ற நம்பிக்கை நிலைத்தது. வணிகத்தில் இதனிலும் பெரிய முதல் வேறில்லை. வாங்குவோர் தொகை யாழ்ப்பாணத்தை விடத் தமிழகத்திலேயே மிகுதியாதலின், சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் யந்திரசாலை அமைத்தார்.

இத்தனை செய்தும் நாவலர் செல்வராகவில்லை. யந்திரசாலைக்கு வெளியே இருந்த செலவுகளே காரணம். சம்பளம் வாங்காத பள்ளி ஒன்று வண்ணார்பண்ணையில். 1864இல் மற்றொன்று சிதம்பரத்தில். விற்பனையை நோக்காது எழுதிய கண்டனங்கள் வேறு. புத்தக வருவாய் இவற்றுக்கு எங்ஙனம் போதும்? தனவந்தர் வாயிலுக்கும் அவர் செல்ல நேர்ந்தது. 1872இலே தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருள்முட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அவரது முயற்சிகளுள் நம்மை மிக வருத்துவது இதுவே. சைவப் பிள்ளை சைவச் சூழலில் ஆங்கிலங் கற்கும் நிலையான கல்லூரியை அவர் காணவில்லை. 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்து, ஈராண்டின்பின் 1879 டிசம்பர் 5ஆந் திகதி சிவபதம் அடைந்தார். சைவபரிபாலன சபையாரின் முயற்சியால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் எழுந்தது.

யந்திரசாலையோ அவருடன் நின்றுவிடவில்லை. அன்று உடன் சென்ற சதாசிவப்பிள்ளை அதனை நடத்தினார். பாலபாடங்கள் மீண்டும் மீண்டும் அச்சேறின. பண்ணைப் பாலம் இல்லாத அக்காலத்திலே, தீவகத்துக்கு வந்த எப்பொருளும் போல அப்புத்தகங்களும் தோணியிலேதான் வந்தன. நம் பாட்டன்மார் பலர் கடைக் கணக்கு எழுதக் கற்குமுன் எழுத்துக் கூட்டிப் படித்தது அவற்றிலேயே.