ஏட்டிலிருந்து அச்சுக்கு: சி. வை. தாமோதரம்பிள்ளை விட்டுச்சென்ற பாடம்

1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, இருபதாம் நூற்றாண்டு பிறந்த அன்றே, சென்னைப் புரசைவாக்கத்தில் ஒரு பெரியவரின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் அரசாங்கக் கணக்குத்துறை அதிகாரியாகவும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர் அவர். எனினும் இப்பதவிகளில் எதனாலும் அவர் இன்று நினைக்கப்படுவதில்லை. செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து அச்சேற்றினார் என்ற ஒரு காரியத்தினாலேயே இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயர் நிலைபெற்றிருக்கிறது.

1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆந் திகதி வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார். தமிழிலக்கியத்தைச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் கற்றார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பெற்றார். கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் ஒருசேரப் போதிக்கப்பட்ட உயர் கல்விக்கூடம் அது. ஒரு நூலை வாசிப்பதோடு நில்லாது, அதனை ஆராய்ந்து, ஒப்பிட்டு, சான்று கேட்கும் பழக்கத்தை அவர் அங்கேதான் பெற்றிருத்தல் வேண்டும். இருபது வயதளவிற் கோப்பாயில் ஆசிரியரானார். அக்காலத்திலேயே நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மதப்பணியும் கல்விப்பணியும் ஆற்றிய பேர்சிவல் பாதிரியார் சென்னையில் தினவர்த்தமானி என்ற பத்திரிகையை நடத்திவந்தார். அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்க அவர் தாமோதரம்பிள்ளையை அழைத்தார். இளைஞர் கடல் கடந்தார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தவர் என்பது இன்றும் பெருமையோடு நினைவுகூரப்படுகின்றது. பின்னர் சட்டம் பயின்று பட்டம் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்தார். 1895இல் இராவ்பகதூர் பட்டம் வழங்கப்பெற்றது.

இவ்வளவும் ஒரு கெட்டிக்கார உத்தியோகத்தரின் வாழ்க்கைக் குறிப்பேயன்றி வேறன்று. அவரது உண்மையான வாழ்க்கை இதற்கு வெளியே, அலுவல் முடிந்த பின்னரான இரவுகளில் நடந்தது.

அக்காலத்து ஏடுகளின் நிலையை இன்றைய வாசகர் எண்ணிப் பார்ப்பது எளிதன்று. பனையோலை அழியும் பொருள். நமது நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏட்டின் ஆயுள் சில தலைமுறைகள்தாம். கறையானும் இராமபாணப் பூச்சியும் அதை மேலும் குறைத்துவிடும். எனவே ஒரு நூல் வாழவேண்டுமாயின், பழைய ஏடு சிதையுமுன் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையிற் பிரதி செய்யவேண்டும். எந்தத் தலைமுறை அதைச் செய்யத் தவறியதோ, அந்தத் தலைமுறையோடு அந்நூல் மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதுவோர் அருகினர். படிப்போர் அதனினும் அருகினர். தந்தை பூசித்த ஏட்டைப் பிள்ளை பரணிற் போட்டான்; பேரன் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டான். ஏட்டைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தால் ஓலையின் ஓரம் ஒடியும். ஓலையைப் புரட்டினால் துண்டாகும். அந்த நிலையிலேயே பல நூல்கள் தாமோதரம்பிள்ளையின் கைக்கு வந்தன.

கிடைத்த ஏட்டை வாசிப்பதும் பெரும்பாடு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. கால் எது, ரகரம் எது என்று பிரித்தறிதல் அரிது. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் இல்லை. எழுதியவர் விட்ட பிழையோடு, அவருக்கு முன் எழுதியவர் விட்ட பிழையும் சேர்ந்திருக்கும். ஓர் ஊரில் ஒரு பிரதியைக் கண்டால் மற்றோர் ஊரில் இன்னொன்றைத் தேடவேண்டும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடவேண்டும். ஈழத்திலும் தமிழகத்திலும் ஏடு வைத்திருந்தோருக்குக் கடிதம் எழுதியும், நேரிற் சென்றும், ஆளனுப்பியும் அவர் இவற்றைத் திரட்டினார். செலவு பெரும்பாலும் அவருடைய கைப்பொருள். நூல்கள் விற்றுப் பணம் திரும்பும் காலமும் அதுவன்று.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் அவர் வெளிக்கொணர, நல்லூர் ஆறுமுக நாவலர் அதனைப் பரிசோதித்து உதவினார். நாவலர் 1879இல் மறைந்தார். அவர் செய்துவந்த பணி நின்றுபோகுமோ என்ற கவலை பலருக்கிருந்தது. அப்பணியைத் தோளிலேற்றவர் தாமோதரம்பிள்ளையே. 1881இல் வீரசோழியம் வந்தது. 1883இல் இறையனார் அகப்பொருள் உரையும் திருத்தணிகைப் புராணமும் வந்தன. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும், 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அச்சேறின. சங்கத் தொகை நூல்களுள் ஒன்று முழுமையாக அச்சுக்கு வந்த தொடக்கம் அந்தக் கலித்தொகைப் பதிப்பே.

இப்பட்டியலில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. தாமோதரம்பிள்ளை சைவப் பற்று மிக்கவர். சைவ மகத்துவம் என்ற நூலை இயற்றியவர். எனினும் அவர் பதிப்பித்த வீரசோழியம் பௌத்தரான புத்தமித்திரனார் செய்த இலக்கணம். சூளாமணி சமணக் காப்பியம். எழுதியவரின் சமயத்தைக் கேட்டு அவர் ஏட்டை எடுக்கவில்லை. அழியும் நிலையில் இருக்கிறது, தமிழாக இருக்கிறது என்ற இரண்டுமே அவருக்குப் போதுமானவையாயிருந்தன.

அச்சின் அருமையை உணர்ந்து உழைத்தோர் எல்லாச் சமயத்தாரிலும் இருந்தனர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது. காயல்பட்டினத்தைச் சேர்ந்த புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம், பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1842இல் அதனை அச்சிற் கொண்டுவந்தார். தாமோதரம்பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அந்த முயற்சி நிகழ்ந்திராவிடின் இன்று நமது முஸ்லிம் இல்லங்களில் அக்காப்பியம் இருந்திருக்குமா என்பது ஐயமே. தாமோதரம்பிள்ளையின் பொருளதிகாரப் பதிப்பு வெளிவந்த அதே 1885இல், கண்டி அறிஞர் சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் அச்சில் வந்ததையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். ஒருவர் பழையதைக் காத்தார். மற்றவர் புதியதைப் படைத்தார். இருவரும் நம்பியது அச்சையே.

தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளிற் குறைகள் உண்டு. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் பதிப்பித்தார். அதன் பிற்பகுதி இயல்களுக்கு அவர் அச்சிட்டது உண்மையிற் பேராசிரியர் உரை என்பதைப் பின்வந்த அறிஞர்கள் காட்டினர். பாடத் தெரிவுகளிலும் கண்டனங்கள் எழுந்தன. அவர் காலத்திலேயே அவரைக் குறைகூறியவர்கள் இருந்தனர். அவரோ தம் பதிப்புரைகளில் தமது ஐயங்களை மறைக்காது எழுதி, திருத்துவோரை வரவேற்றார்.

அவரது பணியின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. பேராசிரியர் உரை என்று பின்வந்தோர் கண்டுபிடித்தது எதனைக் கொண்டு? அவர் அச்சிட்ட பக்கங்களைக் கொண்டே. குறையற்ற பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பேன் என்று அவர் இருந்திருந்தால், திருத்துவதற்கு ஒரு பிழைகூட எஞ்சியிராது. நூலே எஞ்சியிராமலும் போயிருக்கும். பிழையோடு அச்சேறிய நூலை அடுத்த தலைமுறை திருத்தலாம். அழிந்த ஏட்டை எந்தத் தலைமுறையும் திருத்த முடியாது. தாமோதரம்பிள்ளை அவசரக்காரர் என்றால், அந்த அவசரத்துக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கும்பகோணத்தில் அவருக்கு அறிமுகமானவர், அங்கு அரசினர் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கத் தாமோதரம்பிள்ளை விரும்பினார், ஐயர் இசையவில்லை. ஐயரின் பதிப்பு 1887இல் வெளிவந்தது. இருவருக்கும் இடையே போட்டியும் இருந்தது, மதிப்பும் இருந்தது. ஐயருக்கு அக்காலத்து அறிஞர் பலரும் எழுதிய கடிதங்கள், அவர் மறைந்த மறு ஆண்டான 1943இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்திற் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. தாமோதரம்பிள்ளையின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். ஒரு சுவடி யாரிடமிருந்து யாரிடம் சென்றது, யார் கொடுத்தார், யார் மறுத்தார் என்பதையெல்லாம் இன்று நாம் அறிவது இத்தகைய கடிதக் கட்டுகளாலேதான். ஐயர் தமக்கு வந்த கடிதங்களை எறியாது வைத்தார். ஒரு நூலகம் அவற்றைப் பேணியது. அதனால் அந்த வரலாறு நமக்குக் கிடைத்தது.

தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணின் கதையோ வேறு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களிற் பலவற்றுக்கு வேறிடங்களிற் பிரதிகள் இருந்தன. அவற்றை மீண்டும் வாங்க முடிந்தது. வேறு பிரதியில்லாத ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டடம் மீண்டும் எழுந்தது. அந்த ஏடுகள் மீளவில்லை. அதே காலத்திலும் அதன் பின்னரும் இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களின் பெட்டகங்களிலிருந்த ஏடுகளும் உறுதிகளும் கடிதங்களும் கணக்கில் வராமலே போயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் கையோடு எடுத்துச்செல்ல முடிந்தவை மிகச் சில. அரபுத் தமிழிலான கையெழுத்துப் பிரதிகளும் குடும்ப ஆவணங்களும் அந்தச் சிலவற்றுள் எத்தனை இடம்பெற்றிருக்கும் என்பதை ஊகிக்கலாம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் கிழக்குக் கரையில் இன மத வேறுபாடின்றி வீடுகளை வாரிச்சென்றது.

தீயும் போரும் வெள்ளமும் கறையானும் ஒற்றைப் பிரதிக்குப் பகை. அதற்கெதிராக மனிதன் கண்ட காவல் ஒன்றே: ஒன்றைப் பலவாக்குதல். தாமோதரம்பிள்ளை காலத்தில் அதற்கு அச்சுக்கூடமும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. நமக்கு இன்று அத்தகைய தடையில்லை. கைத்தொலைபேசியாற் படமெடுத்தலே போதும். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் மின்வடிவிற் சேகரித்து எவரும் வாசிக்க வைத்துவருகின்றது. இஸ்லாமியத் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து அறிமுகஞ்செய்வதிற் பேராசிரியர் ம. மு. உவைஸ் தமது வாழ்நாளைச் செலவிட்டார். வழி காட்டியோர் நமக்குக் குறைவில்லை.

குறைவது வீட்டிலிருப்பதை வெளியே கொடுக்கும் மனந்தான். பாட்டனாரின் கடிதக் கட்டு, பள்ளிவாசற் பதிவேடு, கோயிற் கணக்கோலை, வைத்திய வாகடம், ஒரு லெப்பையின் கையெழுத்திலான முனாஜாத்து, மலாயாவிலிருந்து வந்த உறவினர் கடிதம் என்பன இன்னும் பல இல்லங்களில் உள்ளன. குடும்ப உடைமை பிறர் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தால் அவை பூட்டப்பட்டுள்ளன. ஏட்டைக் கொடுக்க மறுத்து, ஏட்டோடு நூலையும் இழந்தவர்கள் தாமோதரம்பிள்ளையின் காலத்திலும் இருந்தார்கள். மூலத்தை வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுப்பதில் இன்று எவருக்கும் இழப்பில்லை.

பல்கலைக்கழகங்களும் பிரதேச நூலகங்களும் இதனைத் தமது பணியாக ஏற்றல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலாவது முதலில் எழுதப்படவேண்டும். தாமோதரம்பிள்ளைக்குச் சிலை வைப்பதும் ஆண்டுதோறும் நினைவுரை நிகழ்த்துவதும் நல்லனவே. ஆயினும் சிறுப்பிட்டியிற் பிறந்த அம்மனிதருக்கு அவற்றினும் உவப்பானது, பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கித் தூசு தட்டி ஒரு பிரதி எடுப்பதாகவே இருக்கும். அந்த வேலைக்கு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.