வெறுங்கால் வீரர் முகம்மது சலீம்

மாலை நேரத்திலே கல்முனையிலிருந்து காரைதீவு வரை கடற்கரை வழியே நடந்து செல்லும் ஒருவர், சாய்ந்தமருதை அண்மியதும் ஒரு காட்சியைக் காணாமற் போகமாட்டார். தோணிகள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் மணற்பரப்பிலே, இரண்டு கம்புகளை நட்டுக் கோல் எல்லை வகுத்துக்கொண்டு, சிறுவர் கூட்டமொன்று உதைபந்தாடிக் கொண்டிருக்கும். அவர்களுடைய கால்களிலே சப்பாத்து இல்லை. உடலிலே சட்டையும் இல்லை. ஆகவே எவர் பிள்ளை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று தூரத்தில் நிற்பவரால் கூறிவிட முடியாது. அக்காட்சியைக் காணும்போதெல்லாம், கல்கத்தாவிலே பிறந்து, வெறுங்காலுடன் பந்தாடி, கடல் கடந்து சென்று ஸ்கொட்லாந்து மக்களை வியப்பிலாழ்த்திய ஒரு வீரரின் நினைவு எனக்கு எழுவதுண்டு. அவர்தாம் முகம்மது சலீம்.

இந்து இளைஞர்களின் ஆண்டு மலரிலே ஒரு முஸ்லிம் ஆட்டக்காரரின் சரிதை எதற்கு என்று பெரியோர் சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை இச்சரிதையின் உள்ளேயே இருக்கின்றது. இறுதிவரை பொறுமையோடு வாசிக்குமாறு அவர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

சலீம் 1904ஆம் ஆண்டிலே கல்கத்தா நகரின் மெட்டியாபுரூஸ் பகுதியில், வசதி குறைந்த குடும்பமொன்றிற் பிறந்தார். மெட்டியாபுரூஸ் ஹூக்ளி நதிக்கரையில் உள்ளது. 1856ஆம் ஆண்டிலே பிரித்தானியர் அவத் இராச்சியத்தைப் பறித்துக்கொண்ட பின்னர், அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா வந்து குடியேறிய இடம் அது. நவாபின் மாளிகைகள் மறைந்து போயின. சலீமின் காலத்திலே துறைமுகத் தொழிலாளரும், தையற்காரரும், சிறு வியாபாரிகளுமே அங்கு நிறைந்திருந்தனர்.

சலீமுக்கு ஏழு வயதாயிருந்தபோது கல்கத்தாவையே உலுக்கிய ஒரு சம்பவம் நிகழ்ந்தது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி, மோகன் பகான் என்னும் வங்காளிகளின் கழகம், கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று, ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. இந்தியக் கழகமொன்று அக்கேடயத்தைப் பெற்றது அதுவே முதற்றடவை. அவ்வணியின் தலைவர் சிவதாஸ் பாதுரி இடது ஓரத்தில் நின்று ஆடியவர். பதினொரு வீரர்களுள் பத்துப்பேர் வெறுங்காலுடனேயே ஆடினர். சப்பாத்து அணிந்திருந்த ஒரேயொருவர் சுதிர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர். ஆளும் படையை ஆளப்படும் மக்கள் வென்ற அந்நாள் முதல், கல்கத்தாச் சிறுவர்க்கு உதைபந்து வெறும் விளையாட்டாக இருக்கவில்லை.

வெறுங்காலுடன் ஆடுவது பாதணி வாங்க வசதியின்மையால் மட்டுமே என்று எண்ணுதல் தவறு. உலர்ந்த தரையிலே வெறுங்காலுக்குச் சில நன்மைகள் உண்டு. பந்தின் தொடுகையைப் பாதம் நேரே உணர்கிறது. திடீரெனத் திரும்புவதற்கும், விரல் நுனியாற் பந்தைத் தட்டிச் செல்வதற்கும் இலகுவாயிருக்கிறது. ஆயின் மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டால் நிலைமை தலைகீழாகும். வெறுங்கால் வழுக்கும், எதிரியின் கனத்த சப்பாத்து விரல்களை நசுக்கும். எனவே ஆட்டக்காரர் கணுக்காலையும் பாதத்தையும் துணியாற் சுற்றிக் கட்டிக்கொண்டே களமிறங்குவர். சலீமும் அவ்வாறே செய்தார்.

1926ஆம் ஆண்டளவில் அவர் சித்தரஞ்சன் கழகத்திற் சேர்ந்தார். பின்னர் முகம்மதன் ஸ்போட்டிங் கழகத்தின் இரண்டாம் அணியில் இடம்பெற்றார். அங்கிருந்து ஸ்போட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் எனக் கழகம் கழகமாகச் சென்று ஆடினார். இவற்றுட் பல, இந்துக்கள் நடத்தி வந்த கழகங்கள் என்பதை ஈண்டு குறிப்பிடுதல் தகும். ஸ்போட்டிங் யூனியனிலே பங்கஜ் குப்தாவின் ஆதரவும், ஆரியன்ஸ் கழகத்திலே சோனே மஜும்தாரின் வழிகாட்டலும் அவருக்குக் கிடைத்தன. மெட்டியாபுரூஸ் முஸ்லிம் இளைஞரின் கால்களைத் தீட்டியவர்களுள் இந்து ஆசான்களும் இருந்தனர்.

1934ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் முகம்மதன் ஸ்போட்டிங் கழகத்திற்கு வந்தார். அக்கழகம் 1891ஆம் ஆண்டிலே கல்கத்தா முஸ்லிம்கள் தமக்கென அமைத்துக்கொண்டது. கல்கத்தா லீக் போட்டி 1898ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வந்தும், முதற்பிரிவுப் பட்டத்தை அதுவரை எந்த இந்தியக் கழகமும் பெற்றதில்லை. ஆண்டுதோறும் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களுமே அதனைப் பெற்று வந்தன. 1934இல் முகம்மதன் ஸ்போட்டிங் அவ்வழக்கத்தை முறித்தது. அதுமட்டுமன்று, 1935, 1936, 1937, 1938 எனத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டத்தைத் தன்வசமே வைத்திருந்தது. 1936இல் லீக் பட்டத்தோடு ஐ. எப். ஏ. கேடயத்தையும் ஒருசேர வென்றது. அந்த அணியின் வலது ஓரத்திலே நின்று, எல்லைக் கோட்டையொட்டி ஓடி, நடுவில் நிற்பவருக்குப் பந்தை ஊட்டிவிடுவது சலீமின் பணியாக இருந்தது. ஓரத்தில் ஆடுபவனின் வேலை அத்தகையது. அவன் வழி சமைப்பான். கோல் அடித்த பெயர் வேறொருவருக்குப் போகும்.

1936ஆம் ஆண்டிலே பேர்ளின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியிற் சீன உதைபந்தாட்ட அணி கல்கத்தாவுக்கு வந்தது. அதனோடு நடைபெறவிருந்த இரு ஆட்டங்களுக்கும் சலீம் தெரிவு செய்யப்பட்டார். முதல் ஆட்டத்தில் ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னரே ஊரைவிட்டுப் போய்விட்டார். ஸ்கொட்லாந்திலே கப்பற்றுறையில் வேலை பார்த்து வந்த ஹாஷிம் என்னும் உறவினர், இத்தகைய கால்கள் உலகம் காண வேண்டியவை என்று வற்புறுத்தி, அவரைக் கப்பலேற்றி அழைத்துச் சென்றதே அதற்குக் காரணம்.

கிளாஸ்கோ நகரிலே ஹாஷிம் அவரை அழைத்துச் சென்ற இடம் செல்டிக் கழகம். அக்கழகத்தின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்ளல் வேண்டும். அயர்லாந்திலிருந்து பஞ்சத்தாலும் வறுமையாலும் புலம்பெயர்ந்து வந்த கத்தோலிக்கர் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியிலே நெருக்கமாக வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு வழங்கப் பணம் திரட்டும் பொருட்டு, வொல்ப்ரிட் என்னும் துறவி 1887ஆம் ஆண்டிலே தொடக்கியதே செல்டிக் கழகம். அதுவும், முகம்மதன் ஸ்போட்டிங் போன்று, தாழ்வாக நோக்கப்பட்ட ஒரு சமூகம் தன் மானத்துக்காக எழுப்பிய வீடேயாகும். சலீம் அங்கு சென்றபோது அக்கழகமே 1935-36ஆம் ஆண்டுக்குரிய ஸ்கொட்லாந்து லீக் சம்பியன். 1897 முதல் அதனை நிருவகித்து வந்த வில்லி மேலி என்பவர் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர்.

இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், ஆனால் அவர் வெறுங்காலுடன்தான் ஆடுவார் என்று கேள்விப்பட்ட மேலி முதலிற் சிரித்துவிட்டார் என்பர். எனினும் கதவை அடைத்துவிடவில்லை; பரீட்சித்துப் பார்க்க இசைந்தார். கழகத்தவரும் பயிற்றுநரும் பார்த்திருக்கச் சலீம் தமது வித்தைகளைக் காட்டினார். பார்த்தவர்கள் சிரிப்பை மறந்தனர். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்று ஐரோப்பியக் கழகமொன்றுக்காக ஆடிய முதல் வீரர் என்று இன்று அவர் போற்றப்படுகிறார்.

அவர் ஆடியது செல்டிக்கின் முதலணியில் அன்று, இரண்டாம் அணியிலேயே. மிகைப்படுத்தாமல் உண்மையைச் சொல்லுதலே அவருக்குச் செய்யும் மரியாதை. ஹமில்டன் அணியுடனான ஆட்டத்திலே செல்டிக் 5-1 என்று வென்றது. 1936ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆந் திகதி கால்ஸ்ரன் அணியுடனான ஆட்டத்திலே 7-1 என்று வென்றது. மறுநாள் வெளிவந்த ஸ்கொட்லாந்துப் பத்திரிகையொன்று, பெருவிரலிலே பந்தை நிறுத்திச் சிறுவிரல்வரை உருட்டிச் சென்று, ஒற்றைக் காலில் எதிரியைச் சுற்றி வந்து நடுவிலே நிற்பவரிடம் சேர்த்துவிடும் அவரது ஆட்டத்தைப் பெரிதும் வியந்தெழுதியது. ஏழு கோல்களுள் மூன்று அவர் சமைத்துக் கொடுத்தவை. தண்ட உதை ஒன்றை எடுக்குமாறு கேட்டபோது அவர் கூச்சத்தால் மறுத்துவிட்டாராம். தாமாகக் கோல் அடித்துப் பெயர் வாங்கும் ஆசை அவரிடம் அவ்வளவு குறைவாயிருந்தது.

அந்நாளிலே பிடிக்கப்பட்ட புகைப்படமொன்று இன்றும் பேணப்பட்டு வருகிறது. ஜிம்மி மக்மெனமி என்பவர் செல்டிக்கின் புகழ்பெற்ற பழைய ஆட்டக்காரர். அப்போது கழகத்தின் பயிற்றுநராயிருந்தார். அவர் குனிந்து, ஆட்டத்துக்குச் செல்லும் சலீமின் பாதங்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். காலம் 1936 என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இந்தியாவை வெள்ளையர் ஆண்ட காலம். கல்கத்தாவிலே வெள்ளையர் தம் சங்கங்களுட் கறுப்பரை ஏற்காத காலம். மிஷன் பாடசாலையிலே படித்த எனக்கு, ஆசிரியர் சொல்லித் தந்த, குரு சீடரின் பாதங்களைக் கழுவிய கதை அப்படத்தைக் காண்கையில் நினைவுக்கு வரும். பாதத்தைத் தொடுதல் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பெரியோரும் நமக்குக் கற்பித்தே இருக்கின்றனர். அந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

செல்டிக் கழகம் சலீமைத் தன்னுடன் வைத்திருக்க விரும்பியது. அவருக்கோ ஊர் நினைவு வாட்டியது. மொழி வேறு, குளிர் வேறு, உணவு வேறு. சில மாதங்களிலேயே திரும்ப முடிவு செய்தார். அவருக்காகக் காட்சி ஆட்டமொன்றை நடத்தி வருமானத்தில் ஒரு பங்கைத் தரக் கழகம் முன்வந்தபோது, அப்பங்கை அவர் அநாதைக் குழந்தைகளுக்கு அளித்துவிட்டார் என்று அவர் சரிதையை எழுதியோர் கூறுவர். ஏழைப் பிள்ளைகளின் பசிக்காகத் தோன்றிய கழகத்திலிருந்து விடைபெற இதனினும் பொருத்தமான முறை வேறில்லை.

அவர் திரும்பி வந்ததைத் தோல்வி என்று நினைப்போர் இருக்கலாம். இன்றும் நம் ஊர்களிலிருந்து கடல் கடந்த இளைஞன் ஒருவன் ஒப்பந்தம் முடியுமுன் வீடு வந்தால், அவனைக் குறைவாகப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் சலீம் வந்து சேர்ந்தது வெற்றி பெற்றுக்கொண்டிருந்த தம் பழைய கழகத்துக்கு. தம்மால் எது முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டிவிட்டு, எங்கே வாழ்வது என்பதைத் தாமே முடிவு செய்தார். அது கையாலாகாத்தனம் ஆகாது.

காலம் மாறியது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியிலே இந்திய அணியிற் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கிலேயே தோற்றனர். 1952ஆம் ஆண்டிலே குளிர் மிகுந்த ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பின்னர், சப்பாத்து கட்டாயமாக்கப்பட்டது. அது சரியான முடிவே. வெறுங்கால் ஒரு வேதமன்று. இருப்பதைக் கொண்டு உச்சத்தை அடைந்தவர்களின் அடையாளம் மாத்திரமே.

சலீம் முதுமையடைந்து நோயுற்றிருந்தபோது, அவருடைய மைந்தர் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தையின் மருத்துவத்துக்குப் பணம் வேண்டும் என்பது கடிதத்தின் வாசகம். உண்மையில் அவர் விரும்பியது பணத்தையன்று. நாற்பதாண்டுகளுக்கு முன்னர் இரண்டே ஆட்டங்கள் ஆடிய தம் தந்தையை அந்த மக்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்பதை அறியவே விரும்பினார். பதில் வந்தது. கடிதத்தோடு 100 பவுணுக்கு வங்கி உண்டியலும் இருந்தது. மைந்தர் அதனைப் பணமாக மாற்றவேயில்லை. தந்தைக்குக் கிடைத்த விருதாகப் பாதுகாத்து வைத்துக்கொண்டார். சலீம் 1980ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி காலமானார்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். ஒரு சமூகம் தனக்கென ஒரு மன்றம் அமைப்பது தவறன்று. கல்கத்தா முஸ்லிம்கள் அமைத்தனர், கிளாஸ்கோக் கத்தோலிக்கர் அமைத்தனர், நாமும் அமைத்திருக்கிறோம். வீட்டுக்குச் சுவர் வேண்டும். அச்சுவரிலே வாசலும் வேண்டும். அன்று மேலி சிரித்துவிட்டுக் கதவை அடைத்திருந்தால் இந்தச் சரிதை இல்லை. ஈஸ்ட் பெங்காலும் ஆரியன்ஸும் சலீமை வேற்றாராக நோக்கியிருந்தாலும் இது இல்லை. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்றே உயர்ந்தார் என்பதை நம் ஊர்ப் பெரியோர் நன்கறிவர். திறந்த வாசல்களால் நம் மண்ணும் பயன் பெற்றிருக்கிறது.

மன்றத்து இளைஞர்களே, நம் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பிள்ளை வெறுங்காலோடு வந்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கும் நாள் வரும். அப்போது அப்பிள்ளையின் பெயரைக் கேட்கும் முன்பு பந்தை அவன் பக்கம் உருட்டிவிடுங்கள். அவன் பாதத்துக்குத் துணி தேவைப்பட்டால், குனிந்து சுற்றிவிடவும் தயங்காதீர்கள். சலீமின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவே.