தாமே தேர்ந்த பாதை – மருத்துவர் ருக்மாபாய்

நுழையும் முன்

நாம் பிறக்கும் குடும்பத்தையோ வாழும் காலத்தையோ நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும், நம் வாழ்க்கை எத்திசையில் செல்லவேண்டும் என்று முடிவு செய்வதில் நமக்கும் பங்கு உண்டு. பெண்ணின் விருப்பத்தை எவரும் கேளாதிருந்த காலத்தில், அந்தப் பங்கை உரிமையோடு கேட்டுப் பெற்ற ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

ருக்மாபாய் 1864ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். அவர் குழந்தையாய் இருந்தபோதே தந்தையார் ஜனார்தன் பாண்டுரங் மறைந்தார். இளம் அகவையிலேயே கைம்பெண்ணான தாயார் ஜெயந்திபாய், சில ஆண்டுகளுக்குப்பின் சகாராம் அர்ஜுன் என்னும் மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். தச்சுத்தொழில் மரபினரான அவர்களுடைய சமூகத்தில் கைம்பெண் மறுமணத்திற்குத் தடை இல்லை. சகாராம் அர்ஜுன், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை 1883ஆம் ஆண்டில் தோற்றுவித்த எண்மருள் ஒருவர். அறிவியலைப் போற்றும் அவ்வில்லத்தில் ருக்மாபாய் வளர்ந்தார்.

ஆயினும், குழந்தை மணம் என்னும் வழக்கத்திலிருந்து அவரும் தப்பவில்லை. 11ஆம் அகவையில் அவர் தாதாஜி பீகாஜி என்னும் 19 வயது இளைஞருக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். அத்துடன் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. மணம் முடிந்தபின்னும் அவர் பெற்றோர் இல்லத்திலேயே இருந்தார். தாதாஜி கற்று முன்னேறவேண்டும் என்று சகாராம் அர்ஜுன் விரும்பினார், அவ்விருப்பம் நிறைவேறவில்லை. மாறாக, பள்ளிக்குச் செல்ல இயலாத ருக்மாபாயோ கிறித்தவச் சமயப் பணியாளர்களின் நூலகத்திலிருந்து நூல்களைப் பெற்று வீட்டிலிருந்தவாறே பயின்றார், ஆங்கிலமும் கற்றார். எவரும் கட்டாயப்படுத்தாமல் தாமே தேடிக்கொண்ட இக்கல்வியே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

நீதிமன்றத்தில் ஒரு பெண்

1884ஆம் ஆண்டில், ருக்மாபாய் தம் இல்லத்திற்கு வந்து வாழவேண்டும் என்று தாதாஜி வற்புறுத்தினார். அப்போது ருக்மாபாய் 19 வயது நிறைந்த மங்கை. பொருள் அறியாத பருவத்தில், தம் இசைவைக் கேளாமல் செய்யப்பட்ட மணத்திற்குத் தாம் கட்டுப்பட முடியாது என்று அவர் மறுத்தார். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தை அடைந்தது.

1885ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நீதிபதி பின்ஹே, ருக்மாபாய்க்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கினார். இத்தகைய வழக்குமுறை ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்ததேயன்றி இந்துச் சட்டத்தில் இல்லாதது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். ஒருநாளும் சேர்ந்து வாழாத ஒருவருடன் சென்று வாழுமாறு வளர்ந்த பெண்ணைக் கட்டாயப்படுத்துதல் தகாது என்பதே அவர் முடிவு. அத்தீர்ப்பைக் காணாமலேயே, அவ்வாண்டின் ஏப்ரல் திங்களில் சகாராம் அர்ஜுன் காலமானார்.

தீர்ப்பு நாடெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. பாலகங்காதர திலகர் முதலியோர் தம் இதழ்களில் ருக்மாபாயின் நிலைப்பாட்டை எதிர்த்து எழுதினர். நம் மக்களின் வழக்கங்களில் அயலார் ஆட்சி தலையிடக்கூடாது என்பது அவர்கள் வாதம். பெஹ்ராம்ஜி மலபாரி முதலிய சீர்திருத்தவாதிகள் அவருக்குத் துணைநின்றனர். ருக்மாபாயும் வாளா இருக்கவில்லை. 1885ஆம் ஆண்டில், ஓர் இந்துப் பெண்மணி என்னும் புனைபெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழுக்கு மடல்கள் எழுதினார். குழந்தை மணத்தால் சிறுமியரின் கல்வி அழிவதையும் கைம்பெண்கள் படும் இன்னலையும் அம்மடல்கள் எடுத்துரைத்தன. அவர் தம் ஒருவருக்காக மட்டும் பேசவில்லை. பேச வாய்ப்பற்ற சிறுமியர் அனைவருக்காகவும் பேசினார்.

சிறையா, இசைவா?

வெற்றி நிலைக்கவில்லை. மேல்முறையீட்டில் முதல் தீர்ப்பு தள்ளப்பட்டு, வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீதிபதி ஃபாரன் புதிய ஆணை பிறப்பித்தார். ருக்மாபாய் கணவர் இல்லத்திற்குச் செல்லவேண்டும். இல்லையேல் ஆறு திங்கள் சிறைத்தண்டனை ஏற்கவேண்டும் என்பதே அந்த ஆணை.

ருக்மாபாய் சிறை செல்லவும் ஆயத்தமானார். விரும்பாத வாழ்க்கையைவிடச் சிறையே மேல் என்பது அவர் துணிவு. தம் முடிவுக்கு உரிய விலை யாது என்பதை நன்கு அறிந்தே அவர் அம்முடிவை எடுத்தார். வழக்கு மேலும் நீண்டது. இறுதியில் 1888ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இருவருக்குமிடையே உடன்பாடு ஏற்பட்டது. 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார். ருக்மாபாய் சிறை செல்லவேண்டிய நிலை நீங்கியது.

அவர் வழக்கு எழுப்பிய விவாதம் வீண்போகவில்லை. மண வாழ்வு தொடங்குவதற்குரிய பெண்ணின் குறைந்த வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தும் சட்டம் 1891ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதற்கு அவ்விவாதமும் ஒரு காரணமாக அமைந்தது.

மருத்துவப் பணி

வேண்டாததை மறுத்துவிட்டால் வாழ்க்கை தானாக அமைந்துவிடாது. வேண்டியது யாது என்பதையும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ருக்மாபாய் மருத்துவக் கல்வியைத் தேர்ந்தார். ஆண் மருத்துவரிடம் செல்லக் கூசி, பெண்கள் பலர் நோயை மறைத்துத் துன்புற்ற காலம் அது. பம்பாய் காமா மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் எடித் பீச்சி அவரை ஊக்கினார்; அன்பர் பலர் பொருளுதவி செய்தனர். 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற ருக்மாபாய், இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் பயின்று, 1894ஆம் ஆண்டில் படிப்பை நிறைவு செய்தார்.

தாயகம் திரும்பிய அவர், சூரத் நகரில் பெண்களுக்கான மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். பின்னர் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றினார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அவருடைய மருத்துவத் தொண்டு நீடித்தது. இந்தியாவில் மருத்துவத் தொழில் புரிந்த முதல் பெண்களுள் அவரும் ஒருவர். பெண்கள் முகத்திரையிட்டு ஒதுங்கி வாழும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று வலியுறுத்தி, 1929ஆம் ஆண்டில் ஒரு சிறுநூலும் வெளியிட்டார். ஓய்வுக்குப்பின் பம்பாயில் வாழ்ந்து, 1955ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! ருக்மாபாய்க்குப் பலர் துணைநின்றனர் என்பது உண்மையே. ஆயினும், அவர்களுள் எவரும் அவருக்காக முடிவெடுக்கவில்லை. கற்பது, மறுப்பது, விளைவை ஏற்பது, உழைப்பது ஆகிய நான்கையும் அவரே செய்தார். நாளை நீங்கள் எந்தப் பாடத்தைப் பயில்வது, எத்தொழிலை மேற்கொள்வது என்று முடிவு செய்யும் வேளை வரும். அப்போது பெரியோர் கூறும் அறிவுரையைப் பணிவுடன் கேளுங்கள். உங்கள் உள்ளத்தின் விருப்பத்தையும் தெளிவாக எடுத்துரையுங்கள். தேர்ந்த பாதையில் தளராது நடப்பதும் உங்கள் பொறுப்பே.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
இசைவு – சம்மதம்
வாளா – சும்மா
ஆயத்தம் – தயார் நிலை

விடை எழுதுக

1. பள்ளிப் படிப்பு நின்றபின் ருக்மாபாய் எவ்வாறு கல்வி கற்றார்?
2. நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பிற்குரிய காரணங்கள் யாவை?
3. ருக்மாபாய் சிறைத்தண்டனையை ஏற்க முன்வந்தது ஏன்?
4. உங்கள் எதிர்காலம் குறித்து நீங்களே எடுத்த முடிவு ஒன்றையும், அதற்காக நீங்கள் செய்துவரும் முயற்சியையும் பத்து வரிகளில் எழுதுக.