தமிழையும் ஆராய்ந்த பினாங்கு வக்கீல் ஜேம்ஸ் லோகன்

ஜார்ஜ்டவுன் - லைட் ஸ்ட்ரீட் உயர்நீதிமன்ற வளாகத்தில் நீதி, துணிவு, நிதானம், விவேகம் என்ற நான்கு பண்புகளைக் குறிக்கும் உருவங்களோடு ஒரு பழைய நினைவுச் சின்னம் நிற்கிறது. வழக்குக்காக அங்கு வரும் நம்மவர்கள் பலரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வக்கீலுக்குப் பொதுமக்கள் பணம் திரட்டி எழுப்பியது. அந்த வக்கீல் தமிழ் மொழிக் குடும்பத்தையும் ஆராய்ந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1819-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த லோகன், இளம் வயதிலேயே பினாங்குக்கு வந்தார். பின்னர் அண்ணன் ஆபிரகாமோடு சிங்கப்பூரில் வக்கீல் தொழில் செய்தார். கோர்ட் வேலை முடிந்தால் பாறை, மண், மனிதர், மொழி என்று எதையாவது ஆராய்ந்துகொண்டே இருப்பார். இதற்காக எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. 1847-இல் இந்தத் தீவுக்கூட்டத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். 'இந்தோனேசியா' என்ற பெயர் 1850-இல் அந்த இதழில்தான் உருவானது. ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் அதை ஒத்த ஒரு சொல்லை முன்வைத்துவிட்டு, வேறொன்றே மேல் என்றார். அவர் ஒதுக்கியதை லோகன் எடுத்துச் செப்பனிட்டு நிலைநாட்டினார்.

மனித இனங்களின் உறவைக் கண்டறிய அன்றைய ஐரோப்பாவில் பலர் மண்டை ஓடுகளை அளந்துகொண்டிருந்தார்கள். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் கிராட்டன் என்ற மருந்து வணிகரும் அப்படி அளந்தவர்தான். லோகன் முதன்மையாக நம்பியது மொழியை. சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டால் மக்கள் நடந்து வந்த வழி தெரியும் என்று கருதினார். திராவிட மொழிகளைப் பற்றி அவர் 1853 வாக்கிலேயே எழுதினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல்.

தமிழ்க் குடும்பத்தைத் தொலைதூர மொழிகளோடெல்லாம் அவர் இணைத்துப் பார்த்ததை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. கால்டுவெல்லின் ஆழமும் அவருக்கு இல்லை. ஆனாலும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் கூலிக் கணக்கில் பதிவான அதே காலத்தில், அவர்கள் பேசிய மொழியின் வேரைத் தேடி ஒரு வக்கீல் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது சாதாரண விஷயமல்ல.

1853-இல் பினாங்குக்கே திரும்பி வந்தவர், 'பினாங்கு கெசட்' பத்திரிகையையும் நடத்தினார். வெள்ளையர் அல்லாத மக்களின் சட்ட உரிமைக்காகக் குரல் கொடுத்தார். அந்த நினைவுச் சின்னம் எழுந்ததும் அதற்காகத்தான்.

1869 அக்டோபர் 20-ஆம் தேதி மலேரியா அவரைக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 50. பிரான்சிஸ் லைட் அடக்கமாகியுள்ள, நார்தம் ரோட்டின் பழைய இடுகாட்டில்தான் லோகனின் கல்லறையும் இருக்கிறது. அவர் சேர்த்து வைத்த மொழி நூல்களை 1880-இல் சிங்கப்பூர் ராபிள்ஸ் நூலகம் வாங்கிக்கொண்டது.