குறி தவறாத ஆனி ஓக்லி



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் கேட்டார். காமராஜரையும் அப்துல் கலாமையும் ஏற்கெனவே நாலைந்து பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அதனால் நான் ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஆசிரியரோ புத்தகமோ இல்லை. ரிப்பேராகி வந்த ஒரு மெஷின்தான்!

போன மே மாதம் மாமாவின் லேத் பட்டறைக்கு அந்த மெஷின் வந்தது. துப்பாக்கி சுடும் பயிற்சிக்காக மண்தட்டை வானில் வீசுகிற தானியங்கி இயந்திரம். மண்தட்டு என்று பெயர்தானே தவிர, அதில் மண் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்த, 11 செ.மீ. அகலமுள்ள சின்னத் தட்டு. 12 வோல்ட் பேட்டரியில் மோட்டார் சுற்றி, கியர் வழியாக ஒரு இரும்புக் கையை ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்து நிறுத்தும். பெடலை மிதித்ததும் கை விடுபட்டுத் தட்டை வீசும். இந்த மெஷின் பாதி இழுத்துவிட்டு அப்படியே நின்றுவிடும். மோட்டார் போயிடுச்சு, இதைத் தூக்கிப் போட்டுட்டு விலை மலிவா வேற ஒண்ணு வாங்கணும் என்பது கொண்டு வந்தவரின் முடிவு. போகிற போக்கில், ஆனி ஓக்லி என்ற பெண் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மாதிரித் தட்டுகளைத் தவறாமல் சுட்டவர் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே நூலகத்துக்கு ஓடினேன்.

ஆனி 1860 ஆகஸ்ட் 13 அன்று ஓஹையோ மாநிலத்தில் டார்க் கவுண்டி என்ற கிராமப் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் ஃபீபி ஆன். 1866-ல் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் பிள்ளைகள் நிறைய, சோறு குறைவு. பத்து வயதுக்குள் அவரை ஏழைகள் விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கே தையல் கற்றுக்கொண்டார். பிறகு வேலைக்கென்று அழைத்துப்போன ஒரு குடும்பம் அவரை அடிமை போல நடத்தியது. அங்கிருந்து தப்பி ஓடி வந்தார். ஒழுங்கான பள்ளிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

வீடு திரும்பியவர் அப்பா விட்டுப்போன துப்பாக்கியை எடுத்தார். காட்டில் வேட்டையாடி, கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் விற்றார். அப்படிச் சேர்த்த காசில் பதினைந்து வயதிலேயே அம்மாவின் வீட்டுக் கடனை அடைத்தார். இந்த இடத்தைப் படிக்கும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிராங்க் பட்லர் என்பவர் ஊர் ஊராகப் போய்த் துப்பாக்கி வித்தை காட்டிய வீரர். சின்சினாட்டி பக்கம் வந்தபோது உள்ளூர்க்காரர் யாராவது போட்டிக்கு வரட்டும் என்று சவால் விட்டார். எதிரே வந்து நின்றது ஐந்தடி உயரப் பெண்! ஜெயித்ததும் அவள்தான். தோற்ற பட்லர் கோபப்படவில்லை. அவரையே மணந்துகொண்டார். பிறகு மனைவிதான் பெரிய வீரர் என்று ஒப்புக்கொண்டு, அவருக்கு மேலாளராக இருந்தார்.

1885-ல் இருவரும் பஃபலோ பில்லின் காட்சிக் குழுவில் சேர்ந்தார்கள். செவ்விந்தியத் தலைவர் சிட்டிங் புல் ஆனியைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டார். 1887-ல் லண்டன், 1889-ல் பாரிஸ் என்று கடல் கடந்தும் புகழ் பரவியது. போட்டுக்கொண்ட உடைகளைத் தானே தைத்தார். விடுதியில் கற்ற தையல் வீண் போகவில்லை.

இங்கே நம்ம டிபார்ட்மெண்ட் விஷயம் கொஞ்சம். அந்தக் காலத்தில் சுடும் போட்டிகளுக்கு உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அதற்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880-ல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகாவ்ஸ்கி களிமண் தட்டுக்கும் அதை வீசும் கருவிக்கும் வழி கண்டார். ஸ்பிரிங் விசையில் தட்டு சுழன்றுகொண்டே போவதால் ஆடாமல் நேராகப் பறக்கும். தட்டு வீசப்பட்ட பிறகு ஆனி ஓடிப்போய், ஒரு மேசையைத் தாண்டிக் குதித்து, துப்பாக்கியை எடுத்து, அது தரையில் விழுவதற்குள் உடைப்பாராம். 1885-ல் ஒரே நாளில் 5,000 கண்ணாடி உருண்டைகளில் 4,772-ஐ உடைத்தார். தவறவிட்டது 228. உலகப் புகழ் பெற்றவருக்கே 228 தவறியிருக்கிறது!

1901-ல் ரயில் விபத்தில் முதுகில் பலத்த அடி. குழுவை விட்டு விலகினார். 1903-ல் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. சிகாகோவில் திருட்டு வழக்கில் கைதான போதைப் பழக்கமுள்ள ஒரு பெண் தன் பெயர் ஆனி ஓக்லி என்று சொல்லிவிட்டாள். பத்திரிகைகள் விசாரிக்காமல் அச்சடித்தன. ஆனி 55 பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டார். ஊர் ஊராக நீதிமன்றம் ஏறி இறங்கி, 1910-க்குள் 54 வழக்குகளில் ஜெயித்தார். கைக்கு வந்த இழப்பீட்டைவிடச் செலவுதான் அதிகம். பெயருக்காகத்தான் அத்தனை போராட்டம்.

பின்னாளில் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில் ஏராளமான பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். அறுபது வயதைக் கடந்த பிறகு, 1922-ல், தொடர்ந்து 100 மண்தட்டுகளைத் தவறாமல் உடைத்தார். 1926 நவம்பர் 3-ல் கிரீன்வில் ஊரில் மறைந்தார். பதினெட்டே நாளில் பிராங்கும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது என் கதை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா மில் வேலைக்குப் போகிறவர். என் ஃபீஸுக்காக அவர் அடகு வைத்த கம்மல் இன்னும் வீடு திரும்பவில்லை. கணக்கில் ஒரு அரியர் விழுந்ததும், படிப்பை விட்டுவிட்டு மில்லுக்கே போய்க் கம்மலை மீட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் அந்தக் கடன் கதையைப் படிக்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பெண் அடைத்தாளே, நான் என்ன செய்தேன் என்று இருந்தது.

மறுநாள் பட்டறையில் மல்டிமீட்டரை எடுத்தேன். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஒருவர் சிரித்தார். மாமா எதுவும் சொல்லவில்லை. இரும்புக் கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே நின்று, மோட்டார் இழுக்கும்போதே அளந்தேன். பேட்டரி முனையில் 12 வோல்ட், மோட்டார் முனையில் 8. அப்படியானால் பேட்டரியும் நல்லது, மோட்டார் மேலும் பழி சொல்ல முடியாது. நடுவில்தான் 4 வோல்ட் காணாமல் போகிறது! பேட்டரியைக் கழற்றி, ஸ்பிரிங் விசையை விடுவித்த பிறகே உள்ளே கை வைத்தேன். ஒயர் முனை லக் பச்சை பூத்துக் கிடந்தது. புது லக்கும் கொஞ்சம் தடித்த ஒயரும் போட்டதும் முழுதாக இழுத்து நின்றது. பெடலை மிதித்தோம். தட்டு பறந்தது பாருங்க!

புதுசு வாங்குகிறவர்களுக்கும் மாமா ஒன்று சொன்னார். விலையை மட்டும் பார்க்கக் கூடாது, ஸ்பிரிங்கும் லிமிட் சுவிட்சும் நம்ம ஊரில் கிடைக்குமா என்று பார்த்து வாங்கணும்.

அன்று கிடைத்த கூலியில் கம்மல் மீளவில்லை. அரியர் ஃபீஸ் கட்டினேன். நவம்பரில் பாஸ். கம்மலை என் முதல் சம்பளத்தில் மீட்பேன். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

துப்பாக்கி எனக்குப் பிடிக்காது. ஆனால் அதைப் பிடித்த அந்தக் கையின் உறுதி பிடிக்கும். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, அந்த 228-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள். 

— இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி