பனித்தரையில் ஒரு பெண் பதித்த தடம்

பனிக்கட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கோடைக் காலத்துச் சர்பத்தும், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் ஐஸ் வண்டியுந்தான். ஆனால் குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளிலோ, குளிர்காலம் வந்துவிட்டால் குளங்களும் ஏரிகளும் பாறைபோல் உறைந்துவிடும். அந்த உறைபனியின்மேல், அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து வழுக்கிச் செல்வது அங்குள்ளோர்க்கு நெடுங்கால வழக்கம். அந்த வழக்கத்திலிருந்து பிறந்த அழகிய விளையாட்டே ஃபிகர் ஸ்கேட்டிங் என்பது. இன்று உலகெங்கும் எண்ணற்ற பெண்கள் அதில் புகழ் ஈட்டுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் முதன்முதலில் வழி திறந்தவர் மேஜ் சையர்ஸ் என்னும் ஆங்கில மாது. அவருடைய வரலாற்றைச் சிறிது காண்போம்.

முதலில் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல். ஸ்கேட்டிங் காலணியின் அடித்தகட்டுக்கு உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரண்டு விளிம்புகள் உண்டு. உடலை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த விளிம்பு பனியில் பதிந்து, வளைவான ஒரு கோட்டைக் கீறிச் செல்லும். இவ்வாறு ஒற்றைக் காலால் சறுக்கியே எட்டு என்ற எண்ணைப் போன்ற உருவங்களை வரையவேண்டும். ஒருமுறை வரைந்தால் போதாது. போட்ட கோட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் பிசகாமல் சறுக்கவேண்டும். கையெடுக்காமல் இழைக்கோலம் போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். நடுவர்கள் காலின் போக்கைக் கவனித்துவிட்டு, பிறகு பனித்தரையில் குனிந்து கோட்டையும் பார்த்து மதிப்பெண் வழங்குவார்கள். அடுத்த பகுதியில் இசைக்கேற்பத் தாவியும் சுழன்றும் தம் விருப்பம்போல் ஆடிக்காட்ட வேண்டும். அக்காலத்துப் போட்டிகளின் முறை இதுவே.

மேஜ் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லண்டன் மாநகரில் பிறந்தார். ஃபுளோரன்ஸ் மேட்லின் கேவ் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் கட்டடங்கள் கட்டும் தொழில் செய்தவர். வீட்டில் குழந்தைகள் பதினைவர்! அப்பெரிய குடும்பத்தில் வளர்ந்த மேஜ், நீந்துவதிலும் குதிரை ஏறுவதிலும் சிறுவயதிலேயே தேர்ச்சி பெற்றார். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1876இல், இயந்திரத்தின் உதவியால் பனியை உறைய வைக்கும் செயற்கைத் தளம் லண்டனில் அமைக்கப்பட்டது. பின்னர் அத்தகைய தளங்கள் வேறு சிலவும் தோன்றின. ஏரி உறையும் நாளுக்காகக் காத்திராமல் பழகலாம் என்ற நிலை ஏற்பட்டது. செல்வக் குடும்பத்துப் பெண்கள் பலர் அங்கே வந்து சறுக்கினார்கள். ஆயினும் அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பட்டமும் பதக்கமும் ஆண்களுக்கே உரியவை என்பது அன்றைய எண்ணம்.

அந்நாளில் இங்கிலாந்தில் ஆங்கில முறை என்ற ஒன்று செல்வாக்குடன் இருந்தது. உடலை நிமிர்த்தி, கைகளை விலாவோடு ஒட்டி, முழங்காலை வளைக்காமல் விறைப்பாகச் சறுக்குவது அம்முறை. பனியின் நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அதனைச் சுற்றிப் பலர் ஒரே ஒழுங்கில் சறுக்குவார்கள். ஐரோப்பாவின் பிற நாடுகளில் இருந்த முறையோ வேறு. ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1860களில் வியன்னா நகரில் ஆடிக்காட்டி, கைகளும் உடலும் இசையோடு அசையும் புதிய பாணியைப் பரப்பியிருந்தார். மேஜ் முதலில் பழகியது ஆங்கில முறையைத்தான். அவர் எட்கர் சையர்ஸ் என்ற ஸ்கேட்டிங் வீரரைச் சந்தித்தார். எட்கர் புதிய முறையின்மேல் பற்றுக் கொண்டவர். மேஜ் தாம் கற்றதை மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. கணவரையே ஆசிரியராகவும் கொண்டு புதிய முறையைப் பயின்றார். பழகிய ஒன்றை விட்டுவிட்டு, மீண்டும் அடியிலிருந்து கற்பது எத்துணைக் கடினம் என்பதை நாம் அறிவோம் அல்லவா? அந்தப் பொறுமையே பிற்காலத்தில் அவரை உயர்த்தியது.

இனி 1902ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்த விளையாட்டுக்கு விதிகள் வகுக்கவென்று சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892இல் தொடங்கப்பட்டிருந்தது. 1896இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. ஆண்டுதோறும் ஆண்களே வந்தார்கள், ஆண்களே வென்றார்கள். 1902ஆம் ஆண்டுப் போட்டி லண்டனில் நடப்பதாக இருந்தது. மேஜ் அம்மையார் தம் பெயரையும் அதற்குக் கொடுத்தார். அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பெண்கள் கலந்துகொள்ளலாகாது என்று அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை! பெண் ஒருத்தி வருவாள் என்று எவரும் எண்ணாததால், எவரும் அதைத் தடுத்து எழுதவுமில்லை. ஆகவே வேறு வழியின்றி அவரை அனுமதித்தார்கள்.

ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக மேஜ் பனித்தரையில் இறங்கினார். சுவீடன் நாட்டின் உல்ரிக் சால்கோ அன்றைய உலக வீரர். அவர் முதலிடம் பெற்றார். இரண்டாம் இடம் யாருக்கு? இருபது வயதே ஆன மேஜ் சையர்ஸுக்கு! ஜெர்மானிய வீரர் மார்ட்டின் கோர்டான் அவருக்கு அடுத்த இடத்தையே பெற்றார். மேஜ்தான் தம்மைவிட நன்றாக ஆடினார் என்று கருதி, சால்கோ தம் தங்கப் பதக்கத்தையே அவருக்கு அளித்துவிட்டதாக ஒரு செய்தியும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது எப்படியாயினும், வெள்ளிப் பதக்கம் அவருடையது என்பதை ஏடுகளிலிருந்து எவரும் நீக்க முடியாது.

இத்தகைய வெற்றிக்குப் பரிசாக என்ன கிடைத்தது தெரியுமா? தடை! 1903ஆம் ஆண்டு கூடிய சங்க மாநாட்டில், இனிமேல் உலகப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ளலாகாது என்று முடிவு செய்தார்கள். அதற்குக் காரணங்களும் கூறினார்கள். பெண்களின் நீண்ட பாவாடை காலை மறைப்பதால் நடுவர்களால் சரியாகப் பார்க்க முடியாது என்பது ஒன்று. நடுவர் ஒருவர் தம் மனத்துக்குப் பிடித்த பெண்ணுக்கே அதிக மதிப்பெண் கொடுத்துவிடக் கூடும் என்பது மற்றொன்று. பெண்களையும் ஆண்களையும் ஒப்பிடுவது கடினம் என்பது இன்னொன்று. இவற்றைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. நடுவர் நேர்மை தவறுவார் என்றால் திருத்தப்பட வேண்டியவர் நடுவரல்லவா? ஒப்பிட முடியாது என்றால், முந்திய ஆண்டு ஒப்பிட்டுத்தானே வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்?

மேஜ் அம்மையார் மனம் தளர்ந்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை. பாவாடையைப் பற்றிய குறைக்குத் தம் உடையாலேயே விடை சொன்னார். கால் தெரியுமாறு உயர்த்தித் தைத்த பாவாடையை அணிந்து ஆடினார். தரையைப் பெருக்கிச் செல்லும் உடையே மரியாதை என்று கருதிய அக்காலத்தில் இதற்கும் துணிவு வேண்டியிருந்தது. மற்றக் குறைகளுக்குப் பனித்தரையிலேயே விடை சொன்னார். உலகப் போட்டியின் கதவு மூடப்பட்டாலும் இங்கிலாந்து தன் கதவை மூடவில்லை. 1903இல் அங்கு முதன்முறையாக நடந்த தேசியப் போட்டியில் ஆண்களையும் வென்று பட்டம் பெற்றார். 1904இல் மீண்டும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர்களுள் அவருடைய கணவர் எட்கரும் ஒருவர்! கற்றுக் கொடுத்தவரையே மாணவி வென்றுவிட்டார். அதனால் அவர்களுடைய இல்லறத்தில் கசப்பேதும் தோன்றவில்லை. இருவரும் ஜோடியாகப் போட்டிகளில் தொடர்ந்து ஆடினார்கள்.

திறமையை நெடுநாள் மறைத்து வைக்க முடியாது. பெண்களுக்கெனத் தனிப் போட்டி நடத்துவதென்று சங்கம் 1905இல் முடிவு செய்தது. 1906 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் அது நடந்தது. வென்றவர் மேஜ் சையர்ஸ். அடுத்த ஆண்டு வியன்னாவிலும் அவரே வென்றார். இரண்டு முறையும் அவருக்கு அடுத்து வந்தவர் ஆஸ்திரிய வீராங்கனை ஜெனி ஹெர்ஸ். ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்தப் போட்டிக்கு அன்று உலகப் பட்டம் என்ற பெயர் கொடுக்கப்படவில்லை. பல ஆண்டுகள் சென்ற பின்னரே அந்த மதிப்புக் கிடைத்தது. ஆண்களோடு சரிசமமாக நின்று வெள்ளி வாங்கியவருக்கு, தனியாக ஒரு சிறு வாசல் திறக்கப்பட்டது. எனினும் அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. தமக்குப் பின் வருவோர்க்கு அதுவே பெருவழியாகும் என்று அதன் வழியே நடந்தார்.

1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் லண்டனில் நடைபெற்றன. ஒலிம்பிக் வரலாற்றில் ஃபிகர் ஸ்கேட்டிங் இடம் பெற்றது அதுவே முதல் தடவை. குளிர்கால ஒலிம்பிக் என்று தனியாக ஒன்று தோன்றாத காலம் அது. அக்டோபர் மாதத்தில், பிரின்சஸ் ஸ்கேட்டிங் கிளப்பின் செயற்கைத் தளத்தில் போட்டிகள் நடந்தன. பெண்கள் பிரிவில் ஐவர் கலந்துகொண்டனர். நடுவர்களும் ஐவர். ஐந்து நடுவர்களும் ஒருமனதாக முதலிடம் கொடுத்தது மேஜ் சையர்ஸுக்கே! ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்ற முதற் பெண்மணி என்ற பெருமை அவருக்கு வாய்த்தது. கணவருடன் ஜோடியாக ஆடி வெண்கலமும் பெற்றார். அதே தளத்தில் ஆண்களுக்கான தங்கத்தை வென்றவர் யார் தெரியுமா? ஆறு ஆண்டுகளுக்கு முன் அவரை வென்ற அதே சால்கோ.

புகழின் உச்சியில் நின்ற அவருக்கு உடல்நலம் துணை நிற்கவில்லை. அந்த ஒலிம்பிக்கோடு போட்டிகளிலிருந்து விலகினார். ஆயினும் கற்றதைத் தம்மோடு முடித்துக்கொள்ள விரும்பாமல், கணவருடன் சேர்ந்து நூல்கள் எழுதினார். சர்வதேச முறை ஸ்கேட்டிங்கை விளக்கும் அவர்களுடைய நூல் 1913இல் வெளிவந்தது. இதய நோயால் 1917 செப்டம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். முப்பத்தாறு வயதுகூட அவருக்கு நிறையவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

அவர் மறைந்தாலும் அவர் பதித்த தடம் மறையவில்லை. சால்கோ கண்டுபிடித்த ஒரு தாவல் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. ஒரு காலில் பின்னோக்கிச் சறுக்கி, அப்படியே எழும்பி, காற்றில் சுழன்று மற்றொரு காலில் இறங்குவது அது. 1920ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தெரசா வெல்ட் இத்தாவலை ஒரு சுற்றுடன் செய்தபோது, அது பெண்களுக்கு அழகல்ல என்று கண்டித்தார்கள். 1936இல் இங்கிலாந்தின் சிசிலியா காலெட்ஜ் இரண்டு சுற்றுடன் செய்தார். 1962இல் கனடாவின் பெட்ரா புர்கா மூன்று சுற்றுடன் செய்தார். 2002இல் ஜப்பானிய மாணவி மிக்கி ஆண்டோ நான்கு சுற்றுடன் செய்து முடித்தார். மேஜ் வெள்ளி வென்று சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அன்று அவரை வென்றவரின் பெயர் தாங்கிய தாவலை, உலகின் மறுகோடியில் பிறந்த ஒரு பெண் நான்கு சுற்றாகச் சுழற்றிக் காட்டினாள்! பெண்களின் ஆற்றலுக்கு எல்லை வகுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள்.

விதிகளும் மெல்ல மெல்ல மாறின. பெண்கள் கால்சட்டை அணிந்து ஆடலாம் என்று 2004இல் அனுமதி கிடைத்தது. சீமாட்டிகள் என்று பொருள்படும் பழைய பெயரை நீக்கி, பெண்கள் பிரிவு என்றே இனி அழைப்பதென 2021இல் முடிவாயிற்று. வருங்காலத்துக்கான கவலைகளும் இல்லாமல் இல்லை. மிகக் கடினமான தாவல்களை மெலிந்த சிறுமியர் எளிதில் செய்வதால், பதினைந்து வயதிலேயே உலகப் போட்டிக்கு வந்து, உடலும் மனமும் நொந்து சில ஆண்டுகளில் மறைந்துபோவோர் பெருகினார்கள். ஆகவே பெரியோர் போட்டிக்குரிய குறைந்தபட்ச வயதைப் படிப்படியாகப் பதினேழாக உயர்த்த 2022இல் சங்கம் தீர்மானித்தது. அன்று பெண்ணே வரலாகாது என்று விதி செய்த அதே சங்கம், இன்று பெண் பிள்ளைகளின் நலம் கருதி விதி செய்கிறது. இது நல்ல மாற்றமே.

தோழியரே! லண்டனில் 1981இல், மேஜ் பிறந்த நூற்றாண்டில், யாரேனும் அவரை நினைத்தார்களா என்று கேட்கலாம். அவ்வாண்டில்தான் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் புகழ் மன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. இது பெரிய சிறப்பே. ஆனால் அவருக்குரிய உண்மையான நினைவுச் சின்னம், பனித்தரையில் ஒவ்வொரு நாளும் துணிவோடு இறங்கும் இளம் பெண்களே. கூடாது என்று எழுதாத இடத்தில் அவர் துணிந்து நுழைந்தார். கூடாது என்று எழுதிய பின்பும் கோபத்தில் காலம் கழிக்காமல் பயிற்சியைத் தொடர்ந்தார். நமக்கும் வாழ்க்கையில் மூடிய கதவுகள் சில எதிர்ப்படலாம். அப்போது இந்த அம்மையாரை நினைத்துக்கொள்வோம். கதவு திறக்கும் நாளில் உள்ளே செல்லத் தகுதியுடையவர்களாய் நம்மை ஆயத்தம் செய்துகொள்வோம்.