சமரசம் பாடிய முன்சீப்

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் என மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் அறிவோம். அதற்கு ஓராண்டு முன்னரே அவர் அளித்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை நம்மிற் பலர் அறியோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826 அக்டோபர் 11-ஆம் நாள், கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்து, பின்னர் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப் பதவி வகித்தார்.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு ஆருயிர் நண்பர். சிவபக்தியிற் சிறந்த அப்பெரியார், கிறிஸ்தவராகிய நம் முன்சீப்மீது குளத்தூர்க் கோவை பாடினார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகரும் செய்யுளாற் போற்றினார். சமய வேற்றுமை இவர்கள் நட்புக்கு இடையூறாகவில்லை.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். பசித்து வந்தவன் எச்சமயத்தான் என அவர் வினவினாரல்லர். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையை வியந்து பாடினார் என்பர்.

பஞ்சக் காலத்தின் இறுதியில் வெளிவந்தவையே அக்கீர்த்தனைகள். எந்தச் சமயத்தாரும் தத்தம் கடவுளை எண்ணிப் பாடுமாறு, இறைவனைப் பொதுமையில் வைத்து அவற்றை இயற்றினார். இசையரங்குகளில் அவற்றைப் பாடுவோர் இன்றும் உளர்.

இதனால் அவர் தம் சமயத்தை நெகிழவிட்டார் என எண்ணற்க. தேவமாதா அந்தாதி, திருவருள் அந்தாதி முதலியன பாடிய உறுதியான கத்தோலிக்கர் அவர். தம் நெறியில் ஊன்றி நின்றமையாலேயே பிறர் நெறியைக் கண்டு அஞ்சாதிருந்தார். 1889 ஜூலை 21-ஆம் நாள் மறைந்தார்.

கடல் கடந்து வந்து டெய்ரி ஃபார்மில் குடியமர்ந்துள்ள நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சி மக்கள் எனப் பலரும் கலந்து வாழும் தீவு இது. நம் தமிழரிலும் மூன்று சமயத்தார் உளர். திருநீறணிந்தவன், தொழுகைக்குச் செல்பவன், சிலுவை தரித்தவன் ஆகிய மூவரும் ஒரே பள்ளியில் அருகருகே அமர்கின்றனர். அவர்களைப் பிரித்துப் பேசும் சொல் நம் வீடுகளில் எழாதிருத்தல் வேண்டும். அதுவே வேதநாயகருக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும்.